தோல் ஷாப்பு போல்ட்டு

பஞ்சாட்சரம் நல்லவன். பிடிவாதக்காரன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவனைப் பற்றிச் சொன்னதாகும்.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் என் வீட்டுக்காரர் விட்டுப்போன ஸ்பேர் பார்ட்ஸ் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வருகிற ஆம்பளைகளில் பாதிப் பேர் என்னை ‘பொம்பளைக்கு என்ன தெரியும்’ என்றுதான் பார்ப்பார்கள். பஞ்சாட்சரம் அப்படி இல்லை. ‘நசீமாக்கா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவான். ஆனால் தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்ட விஷயத்தை மட்டும் யாரிடமும் கேட்கமாட்டான்.

தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்முக்கு ஃபிட்டராக இருந்தவன் அவன். உப்பும் ஆசிடும் ஊறுகிற இடம். சாதாரண போல்ட்டைப் போட்டால் கொஞ்ச நாளில் பொடிப்பொடியாக உதிரும். அதனால் அங்கே எல்லாம் ஸ்டெயின்லெஸ்தான். துருப் பிடித்தால் கெட்ட போல்ட், பளபளத்தால் நல்ல போல்ட் என்று அங்கே கை பழகியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு மாதனூரில் மெக்கானிக் ஷெட் போட்டபோது, பழைய டிரம்மில் கழற்றிய போல்ட்டுகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தான்.

அவன் தம்பி புகழேந்தி மலை ஊருக்கு ஜீப் ஓட்டினான். பாதை முழுக்கக் கல்லும் சேறும். தம்பியின் ஜீப்பில் கியர் பாக்ஸை இறக்கிச் சரிசெய்தபோது பஞ்சாட்சரம் என் கடைக்கு ஆயில் வாங்க வந்தான். உள்ளே இருக்கிற பித்தளை வளையத்தை அரிக்காத ஆயில் எது என்று கேட்டு, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்து வாங்கிப் போனான். போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவனிடம் இருந்ததே!

புகழேந்தி ஒரு காலத்தில் மகாக் குடிகாரன். பெண்டாட்டி சங்கீதா சலித்துப்போய் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இனி தொடமாட்டேன் என்று அவன் கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டான். பஞ்சாட்சரம் போய், நான் பொறுப்பு என்று சொல்லி அவளை அழைத்துவந்தான்.

போன வருஷம் ஐப்பசி மழையில், சாமை மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும்போது ஜீப் பள்ளத்தில் உருண்டது. புகழேந்தி அங்கேயே போய்ச் சேர்ந்தான். பின்சீட்டுக்கு அடியில் உடைந்த பிராந்தி பாட்டில் கிடந்ததாம். ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? கயிறு கட்டியும் குடித்தான், செத்தான் என்று முடித்துவிட்டார்கள். கண்டவனும் ஏறுகிற வண்டி, எந்தக் கழுதை சொருகி வைத்த பாட்டிலோ! ஆஸ்பத்திரிக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சங்கீதாவும் நம்பினாள். அண்ணன்காரனும் நம்பினான்.

சாவு வீட்டில் சங்கீதா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பிறகு அவன் படத்தையும் மாட்டவில்லை. பேச்சு வந்தால், சாமியையே ஏமாற்றியவன் என்பாள். மகள் நித்யஸ்ரீ பக்கத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்வாள்.

போலீஸ் விட்ட ஜீப்பை ஷெட்டில் போட்டுவிட்டு வெகுநாள் பஞ்சாட்சரம் தொடவில்லை. இந்த ஆடியில்தான் பிரித்தான். அன்றைக்கே கடைக்கு வந்தான். கவுண்டரில் இரண்டு போல்ட் தலைகளை வைத்தான். கழுத்து இழுபட்டு மெலிந்து அறுந்திருந்தன. துருப் பொட்டுக்கூட இல்லை.

கியர் பாக்ஸுக்குப் பின்னால், நாலு சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கிற டப்பா ஒன்று உண்டு. அதைப் பிடிக்க அவன் போட்டிருந்த தோல் ஷாப்பு போல்ட்டுகள் அவை. உள்ளே மிச்சமிருந்த ஆயிலில் ஒரு தூள் இல்லையாம், பல் ஒன்றும் உடையவில்லையாம், லோ கியர் போட்டபடியே இருந்ததாம். இறக்கத்தில் எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து இறக்கும். டப்பா கழன்றால் அந்தப் பிடி போயிற்று. அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக்கும் டப்பாவோடுதான். ஈரச் சரிவில் கால் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பாவி என்ன செய்வான்?

“துருவே புடிக்கலியேக்கா. எப்பிடி அறுந்துது?” என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலையில் 10.9 என்று பலத்துக்கான நம்பர் அச்சடித்த போல்ட் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். “துரு புடிக்காது, சரி. இழுப்பு தாங்குமா? இதுக்கு இந்த நம்பரப் பாத்துப் போடணும். ஆயில அவ்ளோ கேட்டியே, இத்த ஒரு வார்த்த கேட்டியாப்பா?” என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் அந்தப் போல்ட் தலைகளைப் பொறுக்கிக் கைக்குள் மூடிக்கொண்டான். பிறகு, சங்கீதாவிடம் சொல்ல வேண்டும், தனியாகப் போகத் தைரியமில்லை, கூட வாருங்கள் என்றான். நான் தடுத்தேன். செத்தவனைத் திட்டினால் அவனுக்குக் கேட்கப்போவதில்லை. நீ சொன்னால் நாளையிலிருந்து உன் முகத்தில் முழிக்கமாட்டாள், பெரியப்பா என்று ஓடிவருகிற பெண்ணையும் அனுப்பமாட்டாள் என்றேன்.

“அவன் குடிக்கலக்கா,” என்றான். “அத்த அவளுக்கு யாரு சொல்றது?”

சாயந்திரம் வேலை முடிந்து ஷூ கம்பெனி பஸ்ஸில் சங்கீதா வந்து இறங்கும்வரை அவள் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே போனதும் பஞ்சாட்சரம் உட்காரவில்லை. போல்ட் தலைகளைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். தப்பு தன்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவன் மாதிரி தலை குனிந்து நின்றான். அவள் அந்தப் போல்ட்டுகளைப் பார்க்கவே இல்லை.

“அப்ப அவரு குடிக்கலியா மாமா?”

“இல்லம்மா. ஒழுங்கா லோ கியர் போட்டுத்தான் இறங்கியிருக்கான்.”

“நான் அழவே இல்லியே மாமா. அவருக்கு ஒரு சொட்டு கண்ணீர் வுடலியே நானு.”

அப்படியே தரையில் சரிந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு, அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். என்னால் பிடிக்க முடியவில்லை. பஞ்சாட்சரம் சுவரோரம் குந்தி முகத்தை மூடிக்கொண்டான். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். யார் செத்தது என்று வாசலிலிருந்தே கேட்டார்கள்.

“புகழேந்தி,” என்றேன்.