ஷைனி ரொம்ப கிராஃப்டி

திருவொற்றியூரில் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் பட்டறைக்குப் பம்பு தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அண்ணாச்சியைத் தேடுவதில்லை. "ஷைனி உள்ள கீதா?" என்றுதான் கேட்பார்கள். ஷைனி இருந்தால் பம்பை இறக்குவார்கள். இல்லையென்றால் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, அவள் வரும்வரை காத்திருப்பார்கள்.

ஷைனிக்கு முப்பத்தேழு வயது. வீடு ராயபுரத்தில், கோயில் மணி கேட்கிற தூரத்தில். அப்பா துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஷைனி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். மற்றவள் ஆறே மாதத்தில் டைப்ரைட்டிங் பக்கம் போய்விட்டாள். ஷைனி நின்று படித்து முடித்து, இருபத்து மூன்று வயதில் அண்ணாச்சியின் பட்டறைக்கு வந்தாள். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. கணவன் ஹென்றி கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். அவனுக்கு ஷிப்ட் மாறினாலும் இவளுக்கு மாறாது. காலை ஒன்பது மணிக்கு நீலக்கலர் ஓவர்கோட்டை மாட்டிவிட்டால் மாலைவரை கை எண்ணெயில்தான்.

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. ஆனால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. ஒருநாள் அண்ணாச்சியே ஒரு பேப்பரைக் கத்தரித்து எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். மணலி பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பராமரிப்பு ஃபிட்டர் வேலை காலி என்று விளம்பரம்.

"போட்டுப் பாரும்மா. இங்கேயே கிடந்து என்னத்தக் காணப்போற?"

ஷைனிக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை தெரிந்த ஆளை எந்த முதலாளி தானாக அனுப்புவான்? அண்ணாச்சி அதோடு விடவில்லை. "நற்சான்று கேப்பாங்க. நானே என் கைப்பட எழுதித் தாரேன். இங்கிலீஷ்லயே" என்றார்.

அண்ணாச்சி சாத்தூரிலிருந்து வந்தவர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஆனால் பம்பு கம்பெனிக் கையேடுகளை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து, சொந்தமாக ஓர் ஆங்கிலம் வைத்திருந்தார். அந்த ஆங்கிலத்தில் அவருக்குப் பெருமை உண்டு. மூன்று முறை கிழித்துப் போட்டு, நான்காவது முறை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். முதலாளி ஒட்டிக் கொடுத்த உறையைப் பிரிக்கக்கூடாது என்று ஷைனியும் பிரிக்கவில்லை.

நேர்காணல் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரி சௌமியா, வயதில் ஷைனியைவிடச் சின்னவள். பக்கத்தில் பராமரிப்புத் தலைமை இன்ஜினியர் திலீப், நரைத்த மீசைக்காரர். சௌமியா உறையைப் பிரித்துப் படித்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு காகிதத்தைத் திலீப் பக்கம் நகர்த்தினாள். அவர் படித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"உங்க முதலாளி உங்களைப் பத்தி கிராஃப்டின்னு எழுதியிருக்காரு" என்றாள் சௌமியா. "பதினாலு வருஷத்துல இந்த மாதிரி கிராஃப்டியான பொண்ணைப் பார்த்ததில்லையாம். நீங்க அப்படித்தானா?"

கைத்தொழிலுக்கு கிராஃப்ட் என்று ஷைனிக்குத் தெரியும். பள்ளியில் வாரம் ஒரு கிராஃப்ட் பீரியடே இருந்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆமா மேடம். சின்ன வயசுலேந்தே."

"எந்த மாதிரி?"

"நான் கை வெச்ச எடம் யாருக்கும் தெரியாது மேடம். எவ்ளோ உத்துப் பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது. எங்கப்பா என்னியவிட கிராஃப்டி. ஹார்பர்ல முப்பது வருஷம் அதே வேலதான். அவருகிட்ட கத்துகினதுதான் எல்லாம்."

திலீப்புக்குத் தண்ணீர் புரையேறியது. சௌமியா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "கம்பெனிக்கு அதனால என்ன நன்மைன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நஷ்டம் வராது மேடம். கம்பெனிக்கே தெரியாம வேல முடிஞ்சிரும்."

தகவல் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். வாசல்வரை திலீப்பின் இருமல் கேட்டது. சாருக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டே ஷைனி பஸ் ஏறினாள்.

அன்று மாலை வீட்டுக்கு ஹென்றியின் தங்கை ஷெர்லின் வந்திருந்தாள். ராயபுரத்தில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுப்பவள். ஷைனி வஞ்சிர மீனை வறுத்துக்கொண்டே நேர்காணல் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஹென்றி தலையாட்டிக்கொண்டே கேட்டான். ஷெர்லின் மட்டும் வறுத்த மீனைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

"அண்ணி, கிராஃப்டின்னு சொன்னாங்களா? ஸ்கில்டுன்னு சொல்லலியா?"

"கிராஃப்டிதான். ரெண்டுவாட்டி சொன்னாங்கோ. ஏன்?"

"அதுக்கு அர்த்தம் வேற அண்ணி. கெட்டிக்காரத்தனம் அதுல இருக்கு. ஆனா நேர்மையில்லாத கெட்டிக்காரத்தனம். குள்ளநரித்தனம்னு சொல்லுவோம் பாரு, அது. ஏமாத்தறது தெரியாம ஏமாத்தறவங்களத்தான் கிராஃப்டின்னு சொல்றது. என் கிளாஸ் புக்குல நரி படம் போட்டு இந்த வார்த்தை கீது."

அடுப்பில் மீன் கருகியது. ஷைனி திருப்பவில்லை. தான் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கை வைத்த இடம் தெரியாது. கம்பெனிக்கே தெரியாமல் வேலை முடியும். அதைவிடக் கொடுமை, செத்துப்போன அப்பாவையும் இழுத்துவிட்டது.

"எங்கப்பாவ திருடன்னு சொல்லிட்டு வந்துகீறேன்" என்றாள்.

ஹென்றி சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. ஷெர்லினும் சேர்ந்துகொண்டாள். ஷைனி கரண்டியை ஓங்கினாள். ஓங்கியபடியே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, கருகிய மீனை ஹென்றி தட்டில் போட்டாள்.

காலையில் எழுந்தபோது சிரிப்பு போயிருந்தது, வேலை போய்விட்டதே என்ற எரிச்சல்தான் மிச்சம். நேராகப் பட்டறைக்குப் போய் அண்ணாச்சி முன்னால் நின்றாள்.

"இன்னா அண்ணாச்சி எழுதினீங்கோ? கிராஃப்டின்னா இன்னா அர்த்தம்?"

"கைத்தொழில் தெரிஞ்சவன்னு அர்த்தம்" என்றார் அவர் சட்டென்று. "ரெயின்னா மழை, ரெயினின்னா மழையான. சால்ட்டுன்னா உப்பு, சால்ட்டின்னா உப்பான. கிராஃப்ட்டுன்னா கைத்தொழில். அப்ப கிராஃப்டின்னா? இதுல எங்க தப்பு இருக்கு?"

ஷைனி தப்பைச் சொன்னாள். அண்ணாச்சியின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். நம்பாமல் போனை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து கைகழுவி, வெள்ளைச் சட்டையை மாட்டி, பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"வண்டில ஏறு. நான் வந்து சொல்லுதேன்."

லாரிகளின் இடுக்கில் புகுந்து மணலி போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆனது. கேட்டில் காவலாளி விடவில்லை. அண்ணாச்சி, "ஒரு எழுத்துப் பிழை, அதத் திருத்தணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அவன் உள்ளே போன் போட்டான். சௌமியா வரச்சொன்னாள். முந்தைய நாள் அறைதான். திலீப்பும் வந்து உட்கார்ந்தார். இந்தமுறை தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி மழை, உப்பு எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். சௌமியா கேட்டுவிட்டுப் புன்னகைத்தாள். "நேத்து இவங்க பேசினதிலேயே ஏதோ குழப்பம்னு தோணுச்சு சார். உண்மையிலேயே கிராஃப்டியான யாரும் ஆமா நான் கிராஃப்டின்னு ஒத்துக்க மாட்டாங்க. அது வெளியில தெரியாம இருந்தாத்தானே அந்த வார்த்தைக்கே அர்த்தம்? தன் காரியம் ஆகணும்னு, எதிராளிக்குத் தெரியாம, சிரிச்ச முகமா இருந்துக்கிட்டே ஒண்ணு செய்யறது. அதுதான் கிராஃப்டி."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படின்னா அந்த வார்த்தை எனக்குத்தாம்மா" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் ஷைனியைப் பார்க்காமல் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்னால் எண்ணூரிலிருந்து கப்பல் பழுதுபார்க்கும் காண்டிராக்டர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். உங்களிடம் ஒரு பெண் ஃபிட்டர் இருக்கிறாளாமே, எங்களுக்கு வேண்டும் என்றார். ஷைனி சாப்பிடப் போயிருந்த நேரம். "அந்தப் புள்ள கல்யாணமாகித் தூத்துக்குடி போயிருச்சுன்னு சொல்லிட்டேன். டீயும் வாங்கிக் குடுத்து அனுப்பினேன். நீ சாப்ட்டு வந்தப்ப ஒண்ணும் நடக்காத மாதிரி இருந்தேன். நீ போயிட்டா பட்டறை என்னாகும்னு பயம்."

ஷைனிக்கு அந்த மாதம் நன்றாக ஞாபகம் இருந்தது. காண்டிராக்டர் தன்னைப் பற்றி விசாரித்ததாகச் சினேகிதி ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள். ஒரு மாதம் முழுக்கப் போனைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தாள். பொம்பளை என்பதால் வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்று முடிவுகட்டி, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வாரம் இதே அண்ணாச்சிதான், "ஏம்மா முகம் வாடியிருக்கு" என்று கேட்டு மசால்வடை வாங்கிக் கொடுத்தார்.

"வடைய வேற துன்னேன்" என்றாள்.

"அதான் இப்ப இந்த வேலைக்கு நானா அனுப்பினேன். இதையாவது நல்லபடியா செஞ்சு முடிப்போம்னு பாத்தேன். இதுலயும் எழுத்து காலை வாரிருச்சு."

திலீப்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "கடுதாசி இருக்கட்டும். வாங்க, பம்பைப் பாக்கலாம்."

"அண்ணாச்சி, நீங்கோ கேட்டாண்ட போய் நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு ஷைனி திலீப் பின்னால் நடந்தாள்.

பராமரிப்புக் கொட்டகையில் ஒரு பம்பு பிரித்த நிலையில் கிடந்தது. "சீல் நிக்க மாட்டேங்குது. ரெண்டுவாட்டி புது சீல் போட்டாச்சு. பத்தே நாள்ல ஒழுகுது" என்றார் திலீப்.

ஷைனி கசிவைத் தடுக்கும் அந்தப் பழைய சீல் வளையத்தை வாங்கி விரலால் தடவினாள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பம்பின் சுழல்தண்டான ஷாஃப்ட் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுற்றினாள். கோபம் கையைவிட்டு எங்கோ போய்விட்டது. வளைவு பார்க்கும் டயல் கேஜ் கேட்டு வாங்கிப் பொருத்தி மறுபடி சுற்றினாள். முள் ஆடியது.

"சீல் மேல தப்பு இல்ல சார். ஷாஃப்ட் வளஞ்சிகீது. இன்னும் பத்து சீல் போட்டாலும் ஒழுவத்தான் செய்யும்."

"தெரியும்" என்றார் திலீப். "முந்தாநாளே கண்டுபிடிச்சிட்டோம். புது ஷாஃப்ட் வந்துக்கிட்டு இருக்கு. நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்."

பின்னால் நின்ற சௌமியா, "சார், தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி கேட்டீங்களே, இதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்றாள். திலீப் மீசைக்குள் சிரித்தார். அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேரும்படி சொன்னார்கள்.

கேட்டில் அண்ணாச்சி வெயிலில் நின்றிருந்தார். காவலாளி நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லையாம். வேலை கிடைத்ததைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. உடனே மலரலாமா என்று தெரியாமல் பாதியில் நின்றது. ஷைனி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். திருவொற்றியூரில் இறங்கியதும் சொன்னாள்.

"அந்த எண்ணூர் ஆளுக்குப் போன் போடுங்கோ. இப்பவே. எம் முன்னாடி."

அண்ணாச்சி போட்டார். பழைய எண் வேலை செய்யவில்லை. பம்பு கொண்டுவரும் இரண்டு பேரிடம் கேட்டுப் புது எண் வாங்கி, வியர்த்து வழிய, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பக்கத்தில் காண்டிராக்டர் ஆறு வருடத்துக்கு முந்தைய திட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திட்டி முடித்தார். கடைசியில், "அந்தப் பொண்ணு இப்ப வருமா?" என்று கேட்டார். ஷைனி போனை வாங்கி, "இல்ல சார். இப்பதான் ஒரு எடத்துல சொல்லிட்டேன்" என்றாள். தன்னை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்பதைத் தன் காதால் கேட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மாதக் கடைசிவரை பட்டறைக்கு வந்தாள். முதல் வாரம் அண்ணாச்சியிடம் ஸ்பானர் எண் தவிர வேறு பேசவில்லை. இரண்டாவது வாரம் திட்டினாள். மூன்றாவது வாரம் அவர் போனில் யாரிடமோ, "ஷைனி ரொம்ப ஸ்கில்டு" என்று அழுத்தி அழுத்திச் சொல்வது கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

கடைசி நாள் அண்ணாச்சி பஜ்ஜி வாங்கி வந்தார். ஷைனி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"கோவம் போயிருச்சாம்மா?" என்றார்.

"இல்ல. கொறஞ்சிகீது. மிச்சம் மெதுவா போவும். நீங்கோ அவசரப்படுத்தக் கூடாது."

"சரிம்மா."

"தீபாவளிக்கு வருவேன். அந்தப் பெரிய லேத்துக்கு எண்ணெய் வுடுங்கோ, மறந்துடாதீங்கோ."

முதல் தேதி காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஏறிய பெண்கள் பெரும்பாலும் பேக்கிங் பிரிவு. ஜன்னலோரம் இருந்த ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"புதுசா? எந்த செக்ஷன், பேக்கிங்கா?"

"ஃபிட்டர்" என்றாள் ஷைனி. அவள் நம்பாமல் பார்க்கவே, எண்ணெய்க் கறை போகாத தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.