கொக்கியோடு எடுத்த எடை

2.9.2024: வேலையில் சேர்ந்தது. சம்பளம் ரூ. 17,500.
5.9.2024: மாடி அறை. வாடகை ரூ. 3,800.
21.1.2025: எடை 61.9 கிலோ. சரியான எடை 60.7.
24.1.2025: மெமோ.
1.3.2025: தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு.

தங்கபுஷ்பம் சாயர்புரத்திலிருந்து வந்த செவிலியர். வயது முப்பத்தெட்டு. கணவர் இறந்துவிட்டார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் மகிமாவை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு, திருவொற்றியூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்தார். வேலை நிரந்தரமானால் ஜூன் மாதம் மகளை இங்கே பள்ளியில் சேர்ப்பதாக இருந்தார். நான் அங்கே வாரம் மூன்று நாள் படுக்கும் நோயாளி. தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடி அறையை அவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன்.

பன்னிரண்டு படுக்கைகள். தெலுங்கு, இந்தி, உருது பேசுகிறவர்கள். அதற்கு மேல் எங்கள் வடசென்னைத் தமிழ். முதல் வாரம் தங்கபுஷ்பம் என் பக்கத்துப் படுக்கை சுப்பராயனிடம், "அண்ணாச்சி, கையை நீட்டுங்க" என்றார்.

"அண்ணாச்சியா? நா இன்னா மளிகைக் கடையா வெச்சினு கீறேன்?" என்றார் சுப்பராயன். பிரிவே சிரித்தது. தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவர் ஒன்பது மணி நேரம் உட்காரவில்லை.

சுப்பராயன் வியாசர்பாடிக்காரர், கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். வேலையிலிருந்து நேராக வருவார். சட்டைக்குள் அகலமான பெல்ட். பெல்ட்டில் போன், சில்லறை, இடுப்பின் ஒரு பக்கம் மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி. டயாலிசிஸுக்கு முன் எடை பார்ப்பார்கள். கூடியிருக்கும் எடைதான் உடம்பில் சேர்ந்த நீர், அதை இயந்திரம் எடுக்கும். மூத்த செவிலியர் ஜஸீமா எடை மேடை அருகே நின்று பேசாமல் கையை நீட்டுவார். மூட்டைக்காரர்கள் பெல்ட்டைக் கழற்றி அதில் வைப்பார்கள். இந்த வழக்கத்தைப் புதியவரிடம் யாரும் சொல்லவில்லை.

21.1.2025 அன்று ஜஸீமா வேறொரு நோயாளியிடம் இருந்தார். சுப்பராயன் களைப்பில் அப்படியே மேடையில் ஏறினார். இடுப்பில் ஏதோ புடைத்திருப்பதைத் தங்கபுஷ்பம் பார்த்தார். ஓர் ஆணிடம் சட்டையைத் தூக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, 61.9 என்று எழுதினார். இயந்திரம் ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாக நீரை எடுத்தது. மூன்றாம் மணியில் சுப்பராயனுக்குக் கால் இழுத்துக்கொண்டது, ரத்த அழுத்தம் 80க்கு இறங்கியது. காலை உயர்த்தி, சலைன் ஏற்றி, அரை மணியில் மீட்டார்கள். சட்டையைத் தளர்த்தியபோதுதான் கொக்கி தெரிந்தது. பெல்ட்டும் அதிலிருந்ததும் சேர்ந்து 1.2 கிலோ.

"எடைய மாத்தி எழுதிடு, தங்கம். ஆளு பொழச்சிக்கினாரு இல்ல?" என்றார் ஜஸீமா.

"வேண்டாங்க்கா. மாத்திட்டா காரணம் தெரியாது. அடுத்த வாட்டி வேற யாராவது பெல்ட்டோட எடை பாத்து தண்ணி எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டும் கொக்கியும் கழற்றாமல் எடை எடுத்தது தன் தவறு என்று நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

தங்கபுஷ்பத்திடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சுப்பராயன் அலுவலக வாசலில் போய், "கயட்டாதது நானு, கேள்வி அந்தம்மாவுக்கா? இன்னா நைனா நாயம்?" என்று கத்தினார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். டயாலிசிஸ் நோயாளிக்கு அளவுத் தண்ணீர். அதையும் குடித்துவிட்டு வந்து தங்கபுஷ்பத்திடம் திட்டு வாங்கினார்.

நீட்டித்த மூன்று மாதமும் தங்கபுஷ்பம் ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. மே மாதம் இங்கே ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இடம் இருப்பதாகச் சொன்னார்கள். ஜூன் 9 வரைதான் வைத்திருப்பார்களாம். வேலை நிரந்தரமா என்று மருத்துவமனை அலுவலகத்தில் கேட்டார். முடிவு தலைமையகத்திலிருந்து தபாலில் வரும் என்றார்கள். ஜூன் 9 அன்று பணி முடிந்து வந்து என் வீட்டு மாடிப் படியிலேயே உட்கார்ந்து ஊருக்குப் போன் செய்தார். "இந்த வருஷம் பெரியம்மா வீட்டுலயே படி, மக்களே" என்றார். செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் அங்கேயே இருந்தார்.

பணி நிரந்தரம் என்ற கடிதத்தில் இட்டிருந்த தேதி 30.5.2025. அது என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 16.6.2025, திங்கட்கிழமை.