எட்டு விளக்குக்கு இழுத்த வயர்

ஓட்டல்களுக்கு உள்அலங்காரம் செய்வது என் பிழைப்பு. கோயம்புத்தூரில் பல வருடங்களாக இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். பளிங்குத் தரை, ஜிப்சம் சீலிங், அதன் ஓரத்தில் தங்க நிறக் கோடு, வரவேற்பறையில் ஓடுகிற குதிரைகள் படம். குதிரைகள் மட்டும் ஒரு லாயத்துக்குத் தேறும். அதனால், அவிநாசி சாலையை ஒட்டி ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒரு மில்காரர் என்னைக் கூப்பிட்டு, "குதிரையெல்லாம் வேண்டாமுங்க. வாபி சாபின்னு ஒண்ணு இருக்குது, அது மாதிரி செய்யோணும்" என்றபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மெஷின் வாங்க ஜப்பான் போனவர் அங்கே ஒரு சின்ன விடுதியில் தங்கியிருக்கிறார். பெயின்ட் அடிக்காத மண் சுவர், வாய் கோணிய டீக் கிண்ணம், வெடிப்பு விட்ட மரப்பலகை. முதல் நாள் கஞ்சத்தனம் என்று நினைத்தாராம். மூன்றாம் நாள், பல வருடங்களாக வராத தூக்கம் அங்கே வந்ததாம். "ஏன்னு தெரியலீங்க தம்பி. அந்த ரூம்ல எதுவும் என்னையக் கேள்வி கேக்கலீங்க" என்றார். மில்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். குறையை மறைக்காதே. காலம் தொட்ட இடத்தை அப்படியே விடு. கறையும் கோணலும் விரிசலும் பொருளின் வாழ்க்கை, அதைத் துடைத்துவிட்டால் பொருள் செத்துப்போகும். புதிதாக மாலை போட்டவன் கண்டவரிடமெல்லாம் விரத மகிமை பேசுவதுபோல நான் இதை எல்லோரிடமும் பேசினேன். கொத்தனாரிடம், எலெக்ட்ரீசியனிடம், காலையில் இட்லி வைக்கிற மனைவியிடம்.

வேலை ஆரம்பித்த பிறகுதான் எங்கள் ஊரின் அருமை தெரிந்தது. வரவேற்பறைச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. கரணை போன தடம் தெரிய வேண்டும், தேய்க்கவே கூடாது என்று கொத்தனாரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ஆகட்டுங்க" என்றார். சனிக்கிழமை பார்த்தபோது சுவர் அப்படியே நான் கனவு கண்ட சுவர். திங்கட்கிழமை போனால் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில், கூலிகூட இல்லாமல் வந்து தேய்த்திருக்கிறார்.

"தடம் தடமா தெரிஞ்சுதுங்க இன்ஜினியருங்க. நாளைக்கு நாலு பேரு பாத்தா உங்களத்தானுங்க பேசுவாங்க. மனசு கேக்கலீங்க, வந்து தேச்சுவுட்டுட்டேன்."

நான் இன்ஜினியரும் இல்லை. திட்டவும் முடியவில்லை. சுவரைக் கொத்தி மறுபடி பூசினோம்.

சென்னிமலையிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளும் அப்படித்தான். சாயம் போடாத நூல், முடிச்சும் மேடுபள்ளமும் தெரிகிற நெசவு வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்த கட்டைப் பிரித்தால் ஒரு முடிச்சு இல்லை. போன் செய்தேன். "முடிச்சு விழுந்ததையெல்லாம் கழிச்சுப்போட்டுத்தானுங்க அனுப்பியிருக்கறோம், நீங்க பயப்படாதீங்க" என்று அந்தப் பக்கம் ஆறுதல் சொன்னார்கள். இந்தக் கதைகளை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஒரு குறை கண்ணில் பட்டால் அதைச் சத்தமில்லாமல் எடுத்து ஓரமாக வைத்துவிடுவதை மரியாதை என்று நினைக்கிற ஜனங்கள் என்று கிண்டல் செய்தேன். மனைவியும் சிரித்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு வெண்புள்ளி வந்தது. முதலில் விரல் நுனிகளில், பிறகு வாயோரம், பிறகு ஒரு கண்ணைச் சுற்றி. ஒட்டாது, வலிக்காது, ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். அப்போது அவள் ஒரு பெரிய ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்தாள். ஓட்டல் படிப்புப் படித்தவள். எந்த எரிச்சல்காரர் வந்தாலும் இரண்டு நிமிஷத்தில் சிரிக்கவைத்து அனுப்புவாள். கண்ணோரம் வெளுத்ததும் மேனேஜர் மிக மரியாதையாக, "கொஞ்ச நாளைக்கு உள்ள துணி ரூமைப் பாத்துக்குங்க மேடம்" என்றார். ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டாள்.

சொந்தக்காரர்கள் வீட்டிலும் அதே மரியாதைதான். அவள் தம்பிக்கு வெள்ளகோவிலில் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் மேடையில் அவனோடு நின்று செய்துகொள்கிற சீர், அவளுக்கே உள்ள உரிமை. அன்றைக்கு அவளுடைய பெரியப்பா மகளை அங்கே நிறுத்தினார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஒரு அத்தை வந்து கையைப் பிடித்து, "நீ பந்தியப் பாத்துக்க கண்ணு, உன்னைய விட்டா ஆரு இருக்கறா" என்றார். இவள் நகரவில்லை. சீர் முடிகிற வரைக்கும் மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் நின்றாள். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான். முன்னால் போய் நிற்பாள். யாராவது வந்து பந்தியைக் காட்டுவார்கள். காட்டினாலும் போகமாட்டாள். எனக்குத்தான் உடம்பு கூசும்.

முகத்துக்குத் தோல் நிறத்தில் ஒரு கிரீம் வைத்திருந்தாள். காலையில் அரை மணி நேரம் அதற்குப் போகும். சித்திரை வெயிலில் வழிந்து ஜாக்கெட் கழுத்தில் கறை பிடிக்கும். ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டே கொத்தனாரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். மறைத்தால்தான் அசிங்கம், விட்டால் அதுவே அழகு, இது ஏன் இவர்களுக்கு ஏறமாட்டேன் என்கிறது என்று கேட்டேன். அவள் சட்னிக் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்த ஓட்டல்ல ரிசப்ஷனுக்கு ஆளு எடுக்கறாங்களா?"

"எடுப்பாங்க. ஏன் அம்மணி?"

"நான் கேட்டுப் பாக்கட்டுங்களா? கிரீம் பூசாம போலாம்னு இருக்கறனுங்க."

நான் பேசியது சுவரைப் பற்றி. அதை அவளிடம் சொல்லவில்லை. தாராளமாகக் கேள் என்றேன்.

மில்காரர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். முகத்தைப் பார்த்தார், அனுபவத்தைக் கேட்டார், திறப்பு நாளிலிருந்து வந்துவிடச் சொன்னார். ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. அன்று மாலை அவள் கிரீம் டப்பாவைக் குப்பையில் போட்டாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படிப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அடுப்படியில் நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன.

தயங்கியவன் நான்.

ரிசப்ஷன் மேஜை முழுசாக ஒரே வாகைப் பலகை. நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு. அதை அடைக்காமல் விட்டிருந்தேன். அந்த வெடிப்பு தெரிய வேண்டும் என்றே மேலே எட்டு விளக்குகளுக்குப் பிளானில் இடம் குறித்திருந்தேன். அந்த வாரம் எலெக்ட்ரீசியன் எட்டையும் போட்டுக் காட்டினார். வெடிப்பு நன்றாகத் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால், அவள் நிற்கப்போகிற இடத்தில் நான் போய் நின்றேன். முகத்தில் வெளிச்சம் சுள்ளென்று அடித்தது. உள்ளே வருகிறவர்களின் கண் எங்கே போகும், எத்தனை நேரம் அங்கே நிற்கும் என்று நினைத்தேன். அவள் அதைக் கவனிப்பாள், கவனிக்காததுபோலச் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஆறைக் கழட்டிருங்க. ஓரத்துல ரெண்டு போதும்" என்றேன்.

"கழட்டீட்டா மேசையே தெரியாதுங்களே."

"நிழலும் இந்த ஸ்டைல்ல சேர்ந்ததுதானுங்க."

மில்காரரும் வந்து கேட்டார், முன்னால் வெளிச்சமாக இருந்ததே என்று. அவருக்கும் நிழலைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "நீங்க சொன்னாச் சரிதானுங்க தம்பி" என்று போய்விட்டார். அன்றைக்கு நான் பொய் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை. மனைவிக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஓட்டல் திறந்து பத்துப் பன்னிரண்டு நாள் அவள் சந்தோஷமாகப் போய்வந்தாள். யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை என்று என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னாள். ஜனங்கள் மாறிவிட்டார்கள் என்றாள். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

பிறகு ஒரு காலை, வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டே பேசினாள்.

"நேத்து ஈரோட்டுலிருந்து ஒரு பெரியவரு வந்தாருங்க. மஞ்சள் வியாபாரி. பாரத்துல எழுத்துத் தெரியலீன்னு செல்போன் டார்ச்ச அடிச்சாரு. எழுதி முடிச்சு நிமுந்தாரு, டார்ச்சு என் மூஞ்சி மேல பட்டுப்போச்சுங்க. மனுசன் பதறி ரெண்டடி பின்னால போயிட்டாரு. அப்பறம் பாவம், மன்னிச்சுக்குங்க அம்மணின்னாரு."

புடவையைத் திருப்பிப் போட்டாள்.

"சரி, இங்க வெளிச்சம் பத்தலீன்னு எலெக்ட்ரீசியனக் கூப்பிட்டுக் கேட்டனுங்க. அதுக்கென்னங்க, மேல எட்டுக்கும் வயர் இழுத்துத்தான் கெடக்குது, லைட்ட மாட்டுனாப் போதும், சார்தான் ஆறைக் கழட்டச் சொன்னாருன்னாரு. எப்பங்கன்னேன். எனக்கு இந்த வேல கெடச்ச வாரமாமுங்க."

"அது வாபி சாபி அம்மணி. நிழல்..."

"எட்டுக்கும் வயர் இருக்குதாமுங்க" என்றாள் மறுபடி. குரல் உயரவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் கிரீமத் தூக்கிப் போட்டதே உங்க பேச்சக் கேட்டுத்தானுங்க."

எத்தனையோ பதில்கள் யோசித்தேன். உன் நல்லதுக்குத்தான் என்பதில் எல்லாமே வந்து முடிந்தன. அந்த அத்தையும் அதைத்தான் நினைத்திருப்பார், அந்த மேனேஜரும்கூட. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் அவமானமாக இருக்கிறது.

அன்றைக்கே நானே நின்று ஆறு விளக்குகளையும் மாட்டவைத்தேன். மேஜை பளிச்சென்று இருந்தது. வெடிப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அழகாகத் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தது ஒரு புதுப் பெண். மில்காரர் என்னைத் தனியாக அழைத்து, "அம்மணி காலைல வந்து துணி ரூமுக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டாங்க. நான் வேண்டாமுன்னுதான் சொன்னனுங்க. அவங்க கேக்கலீங்க" என்றார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். நான் துணி அறைக்குப் போய்ப் பார்த்தேன். ட்யூப் லைட் வெளிச்சத்தில் சென்னிமலை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் கிரீம் இருந்தது. புது டப்பா வாங்கியிருக்கிறாள்.

"லைட்ட மாட்டியாச்சு அம்மணி. வா."

"இருக்கட்டுங்க. இங்க வேல நெறையக் கெடக்குது."

வீட்டில் அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க ஒரு இடம் கிடைத்திருக்கும். ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். "அதையெல்லாம் எதுக்குங்க இப்ப" என்று தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். அந்த ஓட்டலைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் வாபி சாபி வேண்டும் என்று வந்தார்கள். செய்துகொடுத்தேன். குறையை மறைக்கக் கூடாது என்று இப்போது யாரிடமும் பேசுவதில்லை. படங்களைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

போன தை மாதம் வெள்ளகோவிலில் அவளுடைய பங்காளி வீட்டுக் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் நான் முன்வரிசைப் பக்கம் நடந்தேன். இந்தத் தடவை அவளை யாராவது நகரச் சொன்னால் நான் பேசுவேன் என்று வழியெல்லாம் மனதுக்குள் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும், எந்த அளவுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன். அந்த அத்தை எதிரே வந்தார், சிரித்தார், வாங்க என்றார். திரும்பிப் பார்த்தேன். அவள் என் பின்னால் இல்லை. மண்டபத்தின் கடைசியில், பந்திக் கதவுக்குப் பக்கத்தில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.