சங்கிலி வேண்டாம் என்றவள்

அவளைத் தெருவில் எல்லோரும் ‘ரெண்டுதடவை’ என்றுதான் கூப்பிட்டார்கள். கதவைப் பூட்டிவிட்டு நாலு வீடு தாண்டிப் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அடுப்பை அணைத்த கையாலேயே மறுபடி திருகிப் பார்ப்பாள். வண்டி சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை பார்த்தபோது, ஒவ்வொரு துணியையும் அளந்துவிட்டு மறுபடி அளந்த பிறகே கத்தரி வைப்பாள். “நீ அளக்குறதுக்குள்ள வண்டியே பழசாயிடும்” என்று கடைக்காரர் சிரிப்பார். ஆனால் அவள் வெட்டிய துணி வீணாகிப் போனதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் கணவன் அதற்கு நேர்மாறானவன். விழுந்த மரங்களை அகற்றுவது அவன் தொழில். காற்றடித்து வீட்டுக் கொல்லையிலோ, பள்ளிக்கூட மதில்மேலோ மரம் சாய்ந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ரம்பத்தோடும் ஒரு சின்ன டிராக்டரோடும் போய் நிற்பான். டிராக்டரின் முன்னால் மண் அள்ளும் பக்கெட் ஒன்று இருந்தது. மரத்துண்டில் சங்கிலியைச் சுற்றி, அதைப் பக்கெட்டில் மாட்டித் தூக்குவான். கட்டுவதும் அவனே, ஓட்டுவதும் அவனே. அப்படித்தான் ஒருநாள் பாதி தூக்கிய கட்டை ஒருபக்கமாகச் சாய, சங்கிலியைச் சரிசெய்ய இறங்கினான். கட்டை நழுவிக் கணுக்கால்மேல் உருண்டது.

கால் போகவில்லை. ஆனால் இனி கிளட்சை மிதிக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கைத்தடியோடு நடக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணலாம், அவ்வளவுதான்.

டிராக்டரை விற்றுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளோ வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் அதை ஓட்டிப் பழகினாள். முதல் சில நாட்கள் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கைக்கு வண்டி பழகியது, பயம் மட்டும் இறங்கவில்லை. மர வேலைக்குப் போகலாம் என்று கணவன் சொன்ன அன்றைக்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“சங்கிலி வேண்டாம்.”

“சங்கிலி என்ன பண்ணுச்சு? இறங்கினது நான்தானே?”

“நீங்க இறங்கினீங்க. நாளைக்கு நானும் இறங்குவேன். கட்டணும்னா இறங்கித்தானே ஆகணும்? மரத்துக்கிட்ட யாரும் நிக்காம வேலை நடக்கணும். அப்படின்னா வரேன்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று அவன் முணுமுணுத்தான். ஆனால் அன்று மாலையே மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டான். மெக்கானிக் சொன்னதுதான் கிராப்பிள். பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவது. கீழே வளைந்த இரும்பு விரல்கள், மேலே திறந்து மூடும் ஒரு தாடை. நண்டு கொடுக்கால் பிடிப்பது மாதிரி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழவே வேண்டாம்.

கேட்டதும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் வேறு பயங்கள் வரிசையாக வந்து நின்றன.

டிராக்டர் கருவிகள் விற்கும் கடையின் பின்முற்றத்தில் பலவகைக் கிராப்பிள்கள் தரையில் வாய் பிளந்து கிடந்தன. கடைக்காரர் நேராக இருப்பதிலேயே பெரியதன் முன்னால் போய் நின்றார். அதற்கு இரண்டு தாடைகள்.

“இதை எடுத்துக்கங்க மேடம். யானையையே தூக்கும்.”

“இது தூக்கும். இதை என் டிராக்டர் தூக்குமா?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கிராப்பிளின் சொந்த எடை என்ன என்று கேட்டாள். டிராக்டரின் முன்கை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் இரும்புக் கை, தூக்கக்கூடிய எடை ஓர் அளவுதான். அதில் கிராப்பிளே பாதியைத் தின்றுவிட்டால் மீதிப் பாதிக்குத்தான் மரம். மீறித் தூக்கினால் பின்சக்கரம் மேலே எழும். இதை அவள் மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து, கண்ணை மூடினால் டிராக்டர் தலைகுப்புறக் கவிழ்வதுதான் தெரிந்தது.

கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துக் குனிந்து அளந்தாள். கடைக்காரருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும்.

“என்ன மேடம், சட்டை தைக்கப் போறீங்களா?”

“கொல்லைக்குப் போற சந்து எல்லாம் குறுகல். இது உள்ளே நுழையாதுங்க.”

அன்று வாங்காமலே வந்தாள். அடுத்த வாரமும் போய் வாங்காமலே திரும்பினாள். “பொண்ணு பாக்கப் போனவங்ககூட இத்தனை தடவை போகமாட்டாங்க” என்றான் கணவன். மூன்றாம் முறை, இருப்பதிலேயே ஒல்லியான, ஒற்றைத் தாடை கொண்ட ஒன்றைக் காட்டி “இது” என்றாள். பெரிய அடிமரத்தைத் தூக்க இது போதாதே என்றார் கடைக்காரர். “ரெண்டா வெட்டித் தூக்கிக்கிறேன்” என்றாள்.

மாட்டுகிற வேலை ஒரு வெயில் நாளில் மெக்கானிக்கின் கொட்டகையில் நடந்தது. தகரக் கூரை தலையில் இடிக்காத குறையாகத் தாழ்ந்திருந்தது. அவளுடைய டிராக்டரின் முன்கைக்கு இரண்டு வேலைகள்தான் தெரியும்: ஏறி இறங்குவது, முன்னும் பின்னும் சாய்வது. தாடையைத் திறந்து மூட, அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்க்கு மூன்றாவதாக ஒரு பாதை வேண்டும். மெக்கானிக் அதற்கு ஒரு வால்வு பொருத்தி, கைப்பிடியில் ஒரு பொத்தானும் வைத்தார். பின்னால் எடைக்காக, சிமெண்ட் நிரப்பிய பீப்பாய் ஒன்றைத் தொங்கவிட்டார். பிறகு டிராக்டரை மெல்ல நகர்த்திக் கிராப்பிளின் முதுகில் கோத்து நெம்புகோலைத் தள்ளினார். டக்கென்று சத்தம் கேட்டது.

“மாட்டிடுச்சு.”

அவள் மண்டியிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். இடப்பக்கப் பூட்டு முளை துளைக்குள் முழுவதுமாக இறங்கியிருந்தது. வலப்பக்கம் பாதியில் நின்றது.

“அண்ணே, இந்தப் பக்கம் இறங்கலையே.”

“சத்தம் கேட்டுச்சேம்மா.”

“ஒரு சத்தம்தானே கேட்டுச்சு?”

துளைக்குள் காய்ந்த பெயிண்ட் அடைத்திருந்தது. அவர் அதைச் சுரண்டி எடுத்து மறுபடி தள்ளினார். பிறகு எண்ணெய் ஓடும் ரப்பர் ஹோஸ்களை இணைக்கும்போதுதான் அவள் பிடிவாதம் பிடித்தாள். ஹோஸ்கள் வளையம் வளையமாகத் தொங்குவதைப் பார்த்ததும், அதில் கிளை குத்திக் கிழிக்கும் என்ற பயம் வந்துவிட்டது.

“குட்டையா போடுங்கண்ணே.”

“கை ஆடுறதுக்குக் கொஞ்சம் தொய்வு வேணும்மா.”

“கொஞ்சம் போதும். இவ்வளவு வேண்டாம்.”

ஒரு சண்டையில் அவள் சொன்னது சரியாகியிருந்ததால் அடுத்ததில் மெக்கானிக் விட்டுக்கொடுத்துவிட்டார். கூரை இடித்ததால் முன்கையை முழு உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கவும் முடியவில்லை. புறப்படும்போது ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: “எங்கயாவது எண்ணெய் கசிஞ்சா கைய வெச்சுத் தேடாதேம்மா. அந்த அழுத்தத்துல எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ள போயிடும். பாத்தா சின்னப் புள்ளி. ஆனா கையே போயிடும்.”

அதை வீட்டில் கணவனிடமும் சொன்னாள். அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டுவதற்கும் காதில் வாங்குவதற்கும் சம்பந்தம் கிடையாது.

முதல் அழைப்பு ஓர் அச்சகத்திலிருந்து வந்தது. முந்தின நாள் காற்றில் அவர்களுடைய கொல்லை மரம் சாய்ந்து, சரக்கு ஏற்றும் பின்கதவை அடைத்துக்கொண்டிருந்தது. காலையில் அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பூட்டு முளைகளை வீட்டிலேயே பார்த்தாள், அச்சக வாசலில் இறங்கி மறுபடி பார்த்தாள். உதவிக்கு வந்த ரம்பக்காரர் கிளைகளைக் கழித்து, அடிமரத்தைத் துண்டு போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினார். கணவன் மதில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

“எந்திரிச்சு வரக்கூடாது.”

“சரி சரி.”

“சரின்னா ஒரு தடவை சொல்லுங்க போதும்.”

கிளைகளை அள்ளுவது எளிதாக இருந்தது. தாடை மூடியதும் சருகும் கிளையும் நொறுங்கி அடங்கின. பின்சக்கரம் எழவில்லை. மூன்று நடை போனதும் தோள்பட்டை கொஞ்சம் இறங்கியது. பிறகு ஒரு தடித்த துண்டைக் கவ்வித் தூக்கினாள். அதை, மரம் ஏற்ற வந்திருந்த லாரியின் பக்கப்பலகைக்கு மேலாகப் போடவேண்டும். முன்கையை அதுவரை இல்லாத உயரத்துக்கு ஏற்றி, முன்னால் சாய்த்தாள்.

ஹோஸ் விறைத்தது. முன்கையின் பாதியிலிருந்த இணைப்பு வாயில் புகை மாதிரி ஒன்று சீறியது. எண்ணெய். பொத்தானைவிட்டு விரலை எடுத்தாள். தாடை மெல்லத் தளர்வது அவளுக்குத் தெரிந்தது. மரம் ஒரு விரற்கடை நழுவியது.

இறக்கிவிட வேண்டும் என்று கைப்பிடியைத் தொட்டபோது, முன்கைக்குக் கீழே கணவன் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்தான், தடியோடு அவ்வளவு வேகமாக எப்படி வந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எங்க கசியுதுன்னு பாக்கறேன், இரு” என்று சொல்லியபடியே கட்டைவிரலை அந்தச் சீறலை நோக்கி நீட்டினான்.

தலைக்குமேல் நழுவும் மரம். விரலுக்கு எதிரே எண்ணெய். இறக்கினால் அவன்மேல் இறங்கும். கல்யாணமான நாளிலிருந்து ‘வாங்க போங்க’ என்று மட்டுமே பேசிய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“டேய்! கைய எடுடா! பின்னால போடா!”

அச்சகத்துக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கணவன் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். கெட்ட கால் இடறி, கழித்துப் போட்ட கிளைகளின்மேல் மல்லாந்து விழுந்தான். ரம்பக்காரர் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனார். அவள் கைப்பிடியை அமுக்கினாள். முன்கை பாதி தூரம் இறங்குவதற்குள் மரம் தாடையிலிருந்து வழுக்கி, ஒரு முனையால் தரையை இடித்து, அவன் நின்ற இடத்தில் குறுக்கே படுத்தது.

முன்கையைத் தரைக்கு இறக்கி என்ஜினை அணைத்தாள். கைப்பிடியை நாலு பக்கமும் ஆட்டி மிச்ச அழுத்தத்தை விட்டாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். இறங்கியதும்தான் டயரின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

கணவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் எழுந்து போய் அவன் கையைப் பிடித்து விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தாள். புள்ளி எதுவும் இல்லை. மறுபடி பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல” என்றான் அவன். உதடு வெளுத்திருந்தது. பிறகு மரத்தைப் பார்த்தான். “நான் என்னமோ… கால் தானா எந்திரிச்சு வந்துடுச்சு.”

“தெரியும்.”

“டேய்னு கூப்பிட்டே.”

“ஆமா.”

“எங்கம்மாகூட அவ்ளோ சத்தமா கூப்பிட்டதில்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாக மாறியது. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டாள். அச்சக முதலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் மதியத்துக்குள் வந்து சேர்ந்தார். ஹோஸைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

“நான்தாண்ணே குட்டையா போடச் சொன்னேன்.”

“நீ சொன்னா என்ன? நான்ல கேட்டிருக்கக் கூடாது. கிளை குத்தும்னு பயந்தே, அது சரிதான். அதுக்கு உறை போடணும், ஹோஸை வெட்டக் கூடாது.”

புது ஹோஸ் நீளமாக வந்தது. அதற்குமேல் தடித்த உறை மாட்டி, முன்கையோடு சேர்த்து இறுக்கினார். வெட்டவெளியில் முன்கையை மேலே கொண்டுபோய், எல்லாப் பக்கமும் சாய்த்து, தாடையைத் திறந்து மூடிக் காட்டினார். இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினார்.

அவள் ரம்பக்காரரிடமிருந்து கயிறு ஒன்றை வாங்கி, கொல்லையின் குறுக்கே நாற்காலிக்கு முன்னால் கட்டினாள். கணவன் தானாகவே தடியைக்கூட நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான். மாலையில் பின்கதவு திறந்தது. உள்ளே காகிதக் கட்டுகளோடு காத்திருந்தவர்கள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதன் பிறகு வேலைகள் வரத் தொடங்கின. வேலை நாட்களில் காலையில் அவளுக்கு இன்றுவரை சாப்பாடு இறங்குவதில்லை. அந்தப் பயம் போய்விட்டது என்று அவளும் சொல்வதில்லை. தொலைபேசியில் பேசுவது மட்டும் கணவனின் பொறுப்பு. சில வாரங்களுக்குமுன் யாரோ பெரிய மரம் என்று கூப்பிட்டார். தூக்க முடியுமா, முடியாதா, இப்போதே சொல்லவேண்டும் என்று அவசரப்படுத்தினார். கணவன் கைப்பேசியைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள்.

“அதெல்லாம் இப்ப சொல்ல முடியாதுங்க” என்றான் அவன் கைப்பேசியில். “டிரைவர் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க.”