பாம்புச்செவியரும் மெலிந்த குருகுகளும்

சதுப்பு நில அலுவலகத்தில் அவருக்குப் பாம்புச்செவியர் என்று பெயர். இருபத்தாறு வருடமாக, விடியற்காலையில் கோரைக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்து, ஆண் குருகுகளின் குரலைக் கேட்டு அவற்றின் உடல்நிலையை எழுதுவதுதான் வேலை. குருகு கண்ணில் படவே படாது. அடிவயிற்றிலிருந்து மூன்று நான்கு முறை கனமாக முழங்கினால் தின்று கொழுத்த பறவை. ஒன்றிரண்டோடு சன்னமாக முடித்தால் பட்டினி. அவர் எழுதுவதைத் தட்டச்சு செய்வது நான். ஒரு எழுத்தைக்கூட நான் சந்தேகப்பட்டதில்லை, அவ்வளவு பெரிய அறிவாளி.

மூன்று வருடமாக அவர் தாளில் ஒரே புலம்பல். ‘குரல் மெலிவு, உடல் மெலிவு.’ மேலிடம் பதறிப்போய் வண்டி வண்டியாக மீன்குஞ்சு வாங்கிச் சதுப்பில் விட்டது. மறு வருடம் ‘மிக மெலிவு’ என்று எழுதினார். இன்னும் மீன் விட்டோம். ஆபீஸ் வாசலில் தண்ணீர் மோட்டார் ஓயாமல் ஓடுவதால் நாங்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

இந்த வருடம் மனிதர் சோறு இறங்காமல் அலைந்தார். “ஒண்ணுகூடத் தேறாதுப்பா. என் காலத்துலயே அத்தனையும் போயிடும்போல” என்று கண் கலங்கினார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இருப்பதிலேயே மோசமான குருகைப் பிடித்து வைத்தியம் பாருங்கள் என்று உத்தரவு வந்தது. எது மோசம் என்று அவரே கைகாட்டினார்.

அதைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது என்றால் அது என் வாய்க்கொழுப்பு. ஆனால் எடை போடக் கொண்டுபோன பைக்குள் அது நுழையவில்லை என்பது சத்தியம். கால்நடை டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல. தீனியைக் குறைங்க” என்றார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கோரைக்குள்ளிருந்து இன்னொன்று முழங்கியது. நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். பாம்புச்செவியர் மட்டும் பிடித்த குருகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார், அவருக்கே புரிந்துவிட்டது.

நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினார். மூன்று தட்டு நிறையக் காலி டானிக் பாட்டில்கள்.

“உன் குரலே இறங்கிப்போச்சு, உடம்புல சத்தே இல்லன்னு மாசாமாசம் வாங்கிட்டு வருவாருப்பா. எனக்குத்தான் என்னமோ பெருசா வந்திருக்குன்னு மூணு வருஷமா பயந்து பயந்து குடிச்சேன்” என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். “இனிமே ஒரு சொட்டுகூடக் குடிக்க மாட்டேங்க!”

அவர் என்னைப் பார்த்தார்.

“என்னப்பா சொல்றா? தீந்துபோச்சாமா?”