பட்டியல் மாறிய பதினேழு குவாசர்கள்

கோர்ட்டில் எல்லாம் முடிந்தபோது மணி பதினொன்றரை. இருபத்திரண்டு வருஷக் கல்யாணம் நாலே கையெழுத்தில் தீர்ந்துபோனது. வெளியே வந்ததும் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என் வீட்டுக்கு வா. அழுதுட்டுக் கொஞ்சம் படு."

"அழுகை வரல. ஆபீஸ் போறேன்."

"இன்னிக்கா? உனக்கென்ன கிறுக்கா?"

கிறுக்கெல்லாம் இல்லை. வேறு எங்கே போவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

வானியல் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேஜை அவளுடையது. கம்ப்யூட்டர் போட்டுத் தரும் பட்டியல்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'பட்டியலக்கா'. ஒரு புள்ளி தவறியிருந்தாலும் அவளிடம் தப்பாது.

அப்போது கையில் இருந்தது எண்ணூற்று நாற்பது குவாசர்களின் பட்டியல். எங்கோ தொலைதூரத்தில் ராட்சதக் கருந்துளைகள். அவற்றில் போய் விழுவதெல்லாம் கொதித்துக் கொட்டும் வெளிச்சம்தான் குவாசர். சிலது ரேடியோ அலைகளைப் பலமாக வீசும், பெரும்பாலானவை அடக்கி வாசிக்கும். பலமாக வீசுபவை எக்ஸ்-ரேயிலும் கூடுதலாகப் பிரகாசிக்கின்றன என்பதுதான் டாக்டரம்மா எழுதிய கட்டுரை. டாக்டரம்மா ஆய்வுக்குழுவின் தலைவி, அவளைவிடப் பத்து வயது சின்னவள்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரி இடித்தது. அடக்கமான கூட்டத்தில் இருந்தது, எக்ஸ்-ரேயில் மட்டும் கண்ணைப் பறித்தது. வேறொரு நாளாக இருந்தால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்திருப்பாள். அன்று மனசு மரத்துக் கிடந்தது, கண் மட்டும்தான் வேலை செய்தது. அரைமணி நேரம், ரேடியோ அலையில் எடுத்த அதன் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். நடுவில் மங்கலாக ஒரு பொட்டு. படத்தைச் சுருக்கிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் வெகுதூரம் தள்ளி இரண்டு பெரிய திட்டுகள் தெரிந்தன. குவாசர் பீய்ச்சியடித்தது அங்கே போய்க் குவிந்திருந்தது. கம்ப்யூட்டர் நடுவில் சின்ன வட்டம் போட்டுத் தேடியதால் இரண்டும் கணக்கில் வரவேயில்லை.

அடக்கமான கூட்டம் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒன்பது நாள் ஆனது. தங்கை தினமும் போன் செய்து, பார்சல் வந்ததா என்று விசாரிப்பதுபோல, "அழுதியா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் திறப்பாள். கடைசியில் இதேபோலக் கூட்டம் மாறி உட்கார்ந்திருந்தவை பதினேழு தேறின.

டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"கட்டுரையை அனுப்பிட்டேனே! அந்த வட்டம் நான் வச்ச அளவு."

"பதினேழையும் இடம் மாத்தினாப் போதும் மேடம்."

கட்டுரையைத் திரும்ப வாங்கி, இரண்டு வாரம் கணக்குப் போட்டார்கள். முடிவு குலையவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் இடையிலான எக்ஸ்-ரே வித்தியாசம் முன்னைவிடத் தெளிவாகவே தெரிந்தது.

"உங்க பேரையும் ஆசிரியர் வரிசையில போடறேன்," என்று டாக்டரம்மா தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அவள் பெயர், பின்னால் அவள் புருஷன் பெயர். "இப்படித்தானே?"

"பின்னாடி இருக்கறத எடுத்துடுங்க."

விரல்கள் நின்றன. "எப்போ?"

"மூணு வாரமாச்சு."

"ஒரு நாள்கூட லீவு போடலையே நீங்க!"

"போட்டு என்ன பண்றது மேடம்?"

டாக்டரம்மா அழிக்கும் பொத்தானைத் தட்டினாள். திரையில் அந்தப் பெயர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். 

கட்டுரை வெளியான அன்று அவள் பெயர் ஐந்தாவதாக இருந்தது. தங்கைக்குப் போன் செய்து சொன்னாள்.

"அடேயப்பா! சந்தோஷமா இருக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "தெரியல. பசிக்குது."

"அப்போ நேரா இங்க வா. உலை வைக்கிறேன்."

பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.