ஏற்றத்தில் மட்டும் குதிக்கும் செயின்

ஒரகடம் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் செயின் டக்கென்று குதிக்கும். மிதித்த கால் வெறுமனே கீழே இறங்கும், பெடல் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும், பின்னால் வரும் கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடிப்பான். இறங்கித் தள்ளவேண்டியதுதானே என்று அவன் நினைத்திருப்பான். தள்ளினால் லேட். ஏற்கெனவே இரண்டு முறை லேட். மூன்றாவது முறை லேட்டானால் நான் மறுபடி ஹாஸ்டலுக்குப் போகவேண்டும்.

போன் பாகங்கள் கோக்கும் கம்பெனியில் எனக்கு லைன் வேலை. எங்களை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்டர் பெண்களை மொத்தமாக ஒரு ஹாஸ்டலில் வைத்திருந்தார். இரண்டடுக்குக் கட்டில், குளிக்க வரிசை, வாசலில் பூட்டு. அங்கே ஏறினால் பஸ் கம்பெனி வாசலில் இறக்கும், ஷிப்ட் முடிந்தால் திரும்ப அங்கேயே கொண்டுவந்து கொட்டும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகக்கூட வார்டனிடம் கேட்கவேண்டும். எங்கே, எதுக்கு, யார்கூட? ஒருநாள் எரிச்சல் மண்டைக்கு ஏறி, "கடைக்கு, நாப்கின் வாங்க, தனியா, போதுமா?" என்று கத்திவிட்டேன். அந்த மாதம் முழுக்க என்னை வெளியே விடவில்லை. கூண்டுக்குள் இருக்கும் கோழிக்காவது முட்டையிட்டால் போதும், கேள்வி கிடையாது.

அதே ஹாஸ்டலில் இருந்து வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போன திருநெல்வேலிக்காரி ஒருத்தியும் நானும் சேர்ந்து வடக்குப்பட்டில் ஒரு ரூம் பிடித்தோம். அவள் கம்பெனி அங்கிருந்து நடக்கும் தூரம். என்னுடையது மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டார், ஆனால் நிபந்தனை போட்டார். வெளியே தங்கினால் கம்பெனி பஸ் கிடையாது. முதல் இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை லேட்டானால் ஹாஸ்டல். நான் போனால் அவளும் போகவேண்டியதுதான், ஏனென்றால் தனியாகத் தங்க அவள் அப்பா சம்மதிக்கமாட்டார். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், அதை நம்ப முடியாது. எங்களுக்கு முன்பு அந்த ரூமில் இருந்த இன்ஜினியர் விட்டுப்போன ஒரு கியர் சைக்கிளை வீட்டுக்காரம்மா எனக்குக் கொடுத்தார். தடித்தடியாக டயர், மலை ஏறுகிற சைக்கிளாம். இந்த ஊரில் மலைக்கு எங்கே போவது, மேம்பாலம்தான்.

முதல் லேட் ஆன அன்று மாலையே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் கியர் கம்பியை இழுத்துக் கட்டினார். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் பெடலைச் சுற்றினார். ஓசையே இல்லை.

"பாரும்மா, வெண்ணெ மாதிரி போவுது. கியர மாத்திக்கினு இருக்காத, இதுலயே வுட்டு ஓட்டு."

மறுநாள் பாலத்தில் அதே குதி. திரும்பப் போனேன். இந்தமுறை புதுச் செயின் போட்டார். அதற்குப் பிறகு இன்னும் மோசமாகக் குதித்தது. மூன்றாவது முறையாகப் போய் நின்றேன்.

"செயின் புதுசும்மா. நீ மெதிக்கிற மெதிதான் சரியில்ல."

"அப்ப என் காலையும் கழட்டிப் பாத்துடுங்கண்ணா," என்றேன்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நானே பெடலைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் சரி. நானும் சரி என்று விட்டுவிட்டேன். லைனில் எங்கள் வேலையே அதுதான். பீஸ் பெயிலானால் ஒரு பாகத்தை மாற்றவேண்டும், டெஸ்ட் மேசையில் வைக்கவேண்டும், பச்சை விளக்கு எரிந்தால் அடுத்தவளிடம் தள்ளவேண்டும். மேசையை விட்டுப் போன பிறகு அது என்ன பாடுபடுகிறது என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பச்சை விளக்கு எரிந்த சைக்கிளில்தான் மறுநாள் காலை இரண்டாவது முறையாக லேட்டானேன்.

"இன்னாம்மா, மறுபடியுமா?" என்றார் சூப்பர்வைசர். "இன்னொரு தபா ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று மாலை மறுபடியும் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினேன். திருநெல்வேலிக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, மேல ஆளே இல்லாம சுத்துனா அது எப்படிக் குதிக்கும்? ஏறி உக்காருட்டி."

சைக்கிளை நிமிர்த்தி ஏறினேன். அவள் பின்னால் குனிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் பிரேக்கைப் பாதி அழுத்திக்கொண்டு, பாலத்தில் மிதிப்பதுபோல் முழு எடையையும் பெடலில் போட்டேன். டக்.

"செயினு பல்லு மேல ஏறில்லா விழுது!"

இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்தில் இருந்த பல்சக்கரங்களில் ஒன்றில் மட்டும் பற்கள் தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தன. மற்றவை புதிதாகவே இருந்தன. "அந்த இன்ஜினியர் புள்ள கியரே மாத்தாது, வாங்குன நாள்லருந்து ஒரே கியருதான்," என்றார் வீட்டுக்காரம்மா. பழைய செயினும் கூடவே தேய்ந்து அந்தப் பல்லோடு ஒத்துப்போயிருந்தது. புதுச் செயினால் அதில் உட்கார முடியவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, யாருமே தொடாத பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றினேன். கால் பேய்வேகத்தில் சுற்றியது, சைக்கிள் ஆமைபோல் நகர்ந்தது, ஆனால் பாலத்தில் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. உச்சியில் வாய்விட்டுச் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் அந்தப் பல்சக்கரத் தொகுதியையே மாற்றினேன், என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துச் சோதித்த பிறகுதான் கடையை விட்டு நகர்ந்தேன். அதன்பிறகு நான் லேட்டாகவே இல்லை. மழையில் ஹாஸ்டல் பஸ் மாட்டிக்கொண்ட அன்றும் லைனில் முதலில் நின்றது நான்தான்.

இரண்டு மாதம் முடிந்ததும் சூப்பர்வைசர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"உன்ன மாதிரி கரெக்டா வர்ற ஆளு இல்லம்மா. நைட் ஷிப்ட்டுக்கு லீடரா உன்னத்தான் சொல்லிக்கீறேன்."

"நைட்டா? சைக்கிள்ல எப்படி சார் வர்றது?"

"நைட்டுக்கு லேடீஸ் பஸ்லதான் வரணும், அது ரூல். பஸ்ஸு ஹாஸ்டல்லருந்துதான் எடுப்பாங்க."

"எனக்கு வேணாம் சார்."

"வேணாம்னா கான்ட்ராக்ட் முடிஞ்சிடும்மா. யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருந்தது? லேட்டாகப் போயிருந்தாலும் ஹாஸ்டல், நேரத்துக்குப் போனதாலும் ஹாஸ்டல். திருநெல்வேலிக்காரி ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சைக்கிளை ஹாஸ்டலுக்குள் விடமாட்டார்கள் என்பதால் வீட்டுக்காரம்மாவிடமே திருப்பிக் கொடுத்தோம்.

முதல் நாள் பஸ் ஹாஸ்டலிலிருந்து பொழுது சாயும்போது கிளம்பியது. எனக்கு ஜன்னலோர சீட்தான் கிடைத்தது. மேம்பாலத்தில் பாதி ஏறியதும் என் வலது கால் தானாக பஸ் தரையை அழுத்தியது. பக்கத்தில் இருந்த புதுப்பெண் குனிந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, கால் வலிக்குதா?"

ஆமாம் என்றேன்.